ஓர் அடி ஓர் அங்குலமாகும்போது: சிற்றுருவ அருங்காட்சியகத்தைப் பார்ப்பதும் முதல் பொருளைச் செய்வதும்

அறைகளையும் வீட்டுப் பொருள்களையும் மிகச் சிறிய உருவில் செய்து காட்டும் சிற்றுருவ அருங்காட்சியகத்துக்குள் முதன்முறை நுழைபவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்பும் சில விநாடிகள் நின்று, வியந்து, ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். நகத்தளவு தேநீர்க் கோப்பையைக் கண்டு வியப்பது இயல்புதான். ஆனால் அந்தக் கோப்பை எப்படி உண்டாயிற்று என்பது, அதைப் போன்ற ஒன்றை நம் கையால் செய்ய முயன்ற பிறகுதான் உண்மையில் புரிகிறது. எனவே பார்ப்பது, வகுப்பில் சேர்வது, வீட்டில் ஒரு பொருளைச் செய்வது ஆகிய மூன்றையும் ஒரே பயிற்சியாகக் கொண்டு, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதல் படி: அளவு விகிதத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

இத்துறையில் அதிகம் புழங்கும் விகிதம் 1:12. அதாவது, நிஜத்தில் ஓர் அடி இருப்பது இங்கே ஓர் அங்குலமாகிறது. 1:24, 1:48 ஆகிய விகிதங்களும் உண்டு என்றாலும், தொடக்கத்தில் 1:12 ஒன்றே போதும். புறப்படுவதற்கு முன், வீட்டிலுள்ள நான்கைந்து பொருள்களை அளந்து பன்னிரண்டால் வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். 75 செ.மீ. உயர மேசை 62.5 மி.மீ. ஆகும், 45 செ.மீ. உயரத்தில் இருக்கை கொண்ட நாற்காலியில் அந்த உயரம் 37.5 மி.மீ. ஆகும், ஏழடிக் கதவு ஏழங்குலம் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த கண், கண்ணாடிப் பெட்டிக்குள் அளவு பிசகிய பொருளை உடனே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் படி: எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவின் சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள தார்ன் அறைகள் இதற்கு மிகச் சிறந்த பாடம். நார்சிசா நிப்ளாக் தார்ன் என்ற அம்மையார் வகுத்துக் கொடுத்த திட்டப்படி, தேர்ந்த கைவினைஞர்கள் 1932 முதல் 1940 வரை உருவாக்கிய 68 சிற்றுருவ அறைகள் அங்கே இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1930கள் வரையிலான ஐரோப்பிய அறைகளும், பதினேழாம் நூற்றாண்டு முதல் அதே காலம் வரையிலான அமெரிக்க அறைகளும் அவற்றில் அடங்கும். அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், பாட் ஆர்னெல், வால்டர் ஆர்னெல் தம்பதியர் நிறுவி 2009இல் திறந்த 'தி மினி டைம் மெஷின்' அருங்காட்சியகம் முழுக்க முழுக்கச் சிற்றுருவங்களுக்கே உரியது. இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில், கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் நிறைவுற்ற மேரி அரசியாரின் பொம்மை வீடு இருக்கிறது. அதன் குழாய்களில் தண்ணீர் வரும், விளக்குகள் எரியும், நூலகத்தில் அக்கால எழுத்தாளர்கள் தம் கையாலேயே எழுதித் தந்த சிறு நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும்.

எந்த இடத்துக்குச் சென்றாலும், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணாதீர்கள். மூன்று அறைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்பும் குறைந்தது பதினைந்து நிமிடம் நில்லுங்கள்.

மூன்றாம் படி: முதலில் வெளிச்சத்தையும் பிறகு துணியையும் பாருங்கள்

தார்ன் அறைகள் சிறு பொருள்களின் அடுக்காக இல்லாமல், ஆள் இப்போதுதான் எழுந்து போன வீடுபோலத் தோன்றுவதற்குப் பெரும் காரணம் வெளிச்சம். விளக்கு கண்ணுக்குத் தெரியாது. சன்னலுக்கு அப்பால் மறைந்திருந்து, பகல் ஒளிபோல உள்ளே சாய்ந்து விழும். கதவு சற்றே திறந்திருக்கும்; அதன் வழியே இன்னொரு அறையின் ஓரமோ ஒரு தோட்டமோ தெரியும். அப்பால் உள்ள அந்த அறையில் நமக்குத் தெரிவது ஒரு சாண் தரைதான் என்றாலும், வீடு அதற்கு மேலும் நீள்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது.

அடுத்து, திரைச்சீலையைப் பாருங்கள். ஒரு பொருளை நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றிலும் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் எடை 1728இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே சிறு திரைச்சீலைக்குத் தானாகத் தொங்கி மடிப்பு விழும் அளவுக்குக் கனம் இருக்காது. வீட்டில் இருக்கும் பருத்தித் துணியை வெட்டித் தொங்கவிட்டால் அட்டையைப்போல விறைத்து நிற்கும். மெல்லிய பட்டுத் துணியை எடுத்து, நீர் கலந்த பசையில் நனைத்து, ஒரு பலகையின் மேல் ஊசிகளால் மடிப்புகளைப் பிடித்து உலரவைப்பதே இதற்கான வழி. மரத்துக்கும் இதே கவனம் தேவை. தேக்கு, ஓக் போன்றவற்றின் ரேகை சிறு மேசையில் பூதாகாரமாகத் தெரியும் என்பதால், பேரி, செர்ரி போன்ற நெருங்கிய ரேகை கொண்ட மரங்களை நாடுகிறார்கள்.

நான்காம் படி: வகுப்பில் சேருங்கள்

இத்தகைய அருங்காட்சியகங்கள் புதியவர்களுக்கென ஒருநாள் பயிலரங்குகளை நடத்துவது வழக்கம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் பதிவு செய்யும்போது, பொருள்களும் கருவிகளும் கட்டணத்தில் அடங்குமா, வயது வரம்பு உண்டா, அன்றே வேலை முடியுமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். முழு அறை செய்யக் கற்றுத்தரும் வகுப்பைவிட ஒரே ஒரு நாற்காலியோ கூடையோ செய்யக் கற்றுத்தரும் வகுப்பே தொடக்கத்துக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மில்லிமீட்டர் குறித்த எஃகு ஸ்கேல், புது அலகு போட்ட கட்டர், கூர்முனைச் சாமணம், நீங்கள் வழக்கமாக அணியும் மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டில் ஒரு புத்தகம் செய்யுங்கள்

நிஜத்தில் 24 செ.மீ. உயரமும் 18 செ.மீ. அகலமும் உள்ள புத்தகம் 1:12இல் 20 மி.மீ. உயரமும் 15 மி.மீ. அகலமும் ஆகும். சாதாரண ஏ4 தாளின் நீளவாக்கில் 270 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு பட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். அதை 15 மி.மீ.க்கு ஒன்றாக, விசிறி மடிப்பதுபோல முன்னும் பின்னுமாக மடித்தால் பதினெட்டு மடல்கள் கிடைக்கும். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தாமல் ஸ்கேலின் விளிம்பால் ஒருமுறை அழுத்துங்கள். நகம் தாளில் பளபளப்பான தடம் விட்டுவிடும். மடித்த தாள்கட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கிடையே இறுக்கிப் பிடித்து, பட்டையின் இரு முனைகளும் வந்து சேரும் பக்கத்தில் மட்டும் வெள்ளைப் பசையைப் பல்குச்சியால் மெல்லியதாகத் தடவி உலரவிடுங்கள். இதுவே முதுகுப் பக்கம். நான் முதலில் செய்தபோது பசையைத் தாராளமாகத் தடவியதால் ஈரம் உள்ளே ஏறி, உலர்ந்த பிறகு புத்தகம் விசிறியாகவே விரிந்து நின்றுவிட்டது. ஆகவே, பசை கண்ணுக்குத் தெரிந்தால் அது அதிகம் என்று கொள்ளுங்கள்.

அட்டைக்கு, விசிட்டிங் கார்டிலிருந்து 20.5 மி.மீ. உயரமும் 15 மி.மீ. அகலமும் உள்ள இரண்டு துண்டுகளையும், முதுகுக்காக அதே உயரத்தில் 2 மி.மீ. அகலமுள்ள ஒரு துண்டையும் வெட்டுங்கள். நிஜப் புத்தகத்தின் அட்டை, தாள்களைவிட மேலும் கீழும் ஏறத்தாழ 3 மி.மீ. நீண்டிருக்கும், இங்கே அது கால் மில்லிமீட்டர்தான் என்பதால்தான் அந்த அரை மில்லிமீட்டர் கூடுதல். மெல்லிய துணியிலோ நிறத்தாளிலோ 39 மி.மீ. நீளமும் 26.5 மி.மீ. உயரமும் உள்ள உறை ஒன்றை வெட்டி, முதுகுத் துண்டை நடுவில் வைத்து, இருபுறமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அட்டைகளை ஒட்டுங்கள். நான்கு மூலைகளையும் சாய்வாகக் கத்தரித்துவிட்டு ஓரங்களை உட்புறம் மடித்து ஒட்டினால் மூலைகள் தடிக்காது. கடைசியாக, தாள்கட்டின் முதல் மடலையும் இறுதி மடலையும் அட்டைகளின் உட்புறத்தில் ஒட்டி, கனமான ஒரு நிஜப் புத்தகத்தின் கீழே இரவு முழுவதும் வையுங்கள்.

இந்தப் புத்தகத்தை மூடியே காட்சிக்கு வையுங்கள். ஏ4 தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; பன்னிரண்டால் பெருக்கினால் ஒவ்வொரு பக்கமும் 1.2 மி.மீ. தடித்த அட்டையாகிவிடும். திறந்து வைக்கும் புத்தகத்துக்கு, கிடைப்பதிலேயே மெல்லிய தாள் வேண்டும்.

ஆறாம் படி: மீண்டும் செல்லுங்கள்

நிலையான காட்சிகளோடு அருங்காட்சியகங்கள் பருவகால நிகழ்ச்சிகளையும் நடத்துகின்றன. குளிர்காலப் பண்டிகை நாள்களில் தார்ன் அறைகளுள் சிலவற்றை, அந்தந்தக் காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ற முறையில் அலங்கரித்துக் காட்டுவார்கள். இரண்டாம் வருகைக்கு அது பொருத்தமான காலம். இம்முறை நேரே புத்தக அலமாரி உள்ள அறைக்குச் செல்லுங்கள். முதுகுகளின் வரிசையைப் பாருங்கள்: எல்லாம் ஒரே உயரமா, அட்டை ஓரம் எவ்வளவு நீண்டிருக்கிறது, எது சற்றுச் சாய்ந்து நிற்கிறது என்று கவனித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது புத்தகத்துக்கான அளவுகள் அந்தக் குறிப்பிலிருந்தே கிடைக்கும்.