டொராண்டோவிலிருந்து மன்னார்குடி: ஊருக்கு எந்த நேரத்தைச் சொல்வது?

ஊரில் சாவு என்று சேதி வந்ததும் இணையத்தில் டொராண்டோ, சென்னை என்று போட்டால் ஏறத்தாழ 13,400 கிலோமீட்டர் என்று வரும். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்து, பதினைந்து மணி நேரம் என்றும் சொல்லிவிடும். வகுத்ததில் தப்பில்லை. ஆனால் அது பூமி உருண்டையின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. கிரீன்லாந்துக்கு மேலே வளைந்து போகிறது. அந்தக் கோட்டில் நம்மை ஏற்றிப்போக நேரடி விமானம் கிடையாது. லண்டனிலோ பிராங்க்ஃபர்ட்டிலோ துபாயிலோ இறங்கி ஏறினால், சென்னை சேரவே இருபது மணி நேரத்துக்கு மேலாகும்.

இதை என் தாய்மாமாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அம்மா இறந்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வருவே? அதைச் சொன்னாத்தான் எடுக்கிற நேரம் சொல்ல முடியும்." நாளை மறுநாள் காலைதான் வீடு சேர முடியும் என்று தெளிவாகச் சொன்னேன். அவரோ பேரனின் போனில் பதினைந்து மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

பட்டுக்கோட்டை, வேதாரண்யம் என்று பஸ் பிடித்து வந்த சொந்தங்கள் பந்தலடியில் காத்துக் கிடந்தார்கள். பொழுது சாய்ந்தபின் எடுக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஐஸ் பெட்டிக்கு இன்னொரு நாள் வாடகை. பாதிப் பேர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாமா எல்லாரிடமும் "பிளேன் லேட்டு" என்றாராம். என் விமானம் தாமதமாகவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது. நான் போய் இறங்கியதும் ஒரு பெரியம்மா, "பெத்தவளைக் காக்க வச்சிட்டியேடா" என்றார். கணக்கு மாமாவுடையதுதான். ஆனாலும் அவ்வளவு தூரத்தில் போய் இருந்துகொண்டது நான்தானே என்று தோன்றியது, பதில் பேசவில்லை.

அதனால், புறப்படும் நேரத்தை ஊருக்குச் சொல்லவே சொல்லாதீர்கள், அதோடு இந்தப் பதினைந்தைக் கூட்டிவிடுவார்கள். வீடு சேரும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். இந்தியா டொராண்டோவுக்கு வெயில்காலத்தில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் முந்தி இருக்கிறது. கேட்பவர்களுக்குத் தேதியே குழம்பும்.

சென்னையில் இறங்கிய பிறகும் 300 கிலோமீட்டருக்கு மேல் சாலை உண்டு. விக்கிரவாண்டி, வடலூர், அணைக்கரை, கும்பகோணம் வழியாக வந்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றால், மொத்தம் ஏழு மணி நேரம் என்றே வையுங்கள். மேட்டூர் திறந்து கொள்ளிடத்தில் தண்ணீர் போகும் நாளாக இருந்தால், அணைக்கரையில் காரை நிறுத்தச் சொல்ல மனசு அடித்துக்கொள்ளும். துபாய், கொழும்பு, சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கே விமானம் வருகிறது. அங்கிருந்து மன்னார்குடி 100 கிலோமீட்டருக்குள்தான். காசு கூடினாலும் முதலில் அதைப் பாருங்கள். திரும்பும் டிக்கெட்டைக் கருமாதிக்கு அப்புறம் போடுங்கள். மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று எதிர்ப்பதால் டொராண்டோவுக்குத் திரும்பும்போது வானத்தில் நேரம் இன்னும் கூடும்.

முக்கியமாக, ஒருவரிடம் மட்டும் வாயால் சொல்லி விடாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிழமையோடு எழுதுங்கள்: "புதன்கிழமை, இந்திய நேரம் காலை எட்டு மணிக்கு வீட்டில் இருப்பேன். அதற்குமுன் எடுக்க வேண்டியிருந்தால் தம்பி கொள்ளி வைக்கட்டும்." அந்தக் கடைசி வரியை எழுதக் கை வராது. நீங்கள் எழுதாவிட்டால் அங்கே யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.