மீன் தீவனத்தில் சத்துப் பொடி: எங்கே வீணாகிறது?

மீன் வளரவில்லை என்றதும் பலர் கைவைப்பது சத்துப் பொடி டப்பாவில்தான். அதற்கு முன் விடியற்காலையில் குளத்து நீரின் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் மீன் தீவனமே சரியாக எடுக்காது; அதில் எதைக் கலந்து என்ன பயன்?

பெரிய நஷ்டம் கலக்கும் விதத்தில் இருக்கிறது. பொடியை உலர்வாகவே தீவனத்தோடு புரட்டி அப்படியே குளத்தில் வீசிவிடுகிறார்கள். வைட்டமின் சி, பி வகைகள், தனி அமினோ அமிலங்கள் எல்லாம் நீரில் கரைபவை. பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்க முடியாது. குறைந்தால் முதுகெலும்பு வளையும். கலந்த தீவனத்தில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். உடனே தண்ணீர் கலங்கினால், குளத்திலும் பொடி மீனுக்குப் போகாமல் நீரில்தான் போகிறது. பொடியைப் பைண்டரோடு (தீவனத்தில் ஒட்டவைக்கும் பசைப்பொருள்) கொஞ்சம் நீரில் கரைத்துத் தெளித்து, நிழலில் உலர்த்தி, மேலே மெல்லிசாக எண்ணெய் பூச வேண்டும். அந்த எண்ணெயில் சிக்கு வாடை வந்தால் தொடாதீர்கள். கெட்டுப்போன எண்ணெய் வைட்டமின் ஈ-யை அழிக்கும், ஈரலையும் கெடுக்கும்.

சொந்தமாகத் தீவனம் தயாரிப்பவர்கள் புரோபயாட்டிக்கை (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா) வேகவைக்கும் முன்பே சேர்த்துவிடுவது உண்டு. அதில் பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஓரளவு சூடு தாங்கும், லாக்டோபேசில்லஸ் என்ற வகை செத்துப்போகும். தீவனம் ஆறிய பிறகு பூசினால் போதும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், அதைக் கொடுக்கும் நாட்களிலும் புரோபயாட்டிக் வீண் செலவு.

பக்கத்துப் பண்ணையில் பலன் தந்ததே என்பார்கள். சரி, அங்கே என்ன மீன்? கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. தாவரத் தீவனத்தின் பாஸ்பரஸை விடுவிக்கும் பைட்டேஸ் என்ற நொதியைச் சேர்த்தாலோ, அது வேலை செய்ய அமிலச் சூழல் வேண்டும். அமிலம் சுரக்கும் இரைப்பை உள்ள திலேப்பியாவில் கிடைத்த பலனைக் கெண்டையில் அப்படியே எதிர்பார்க்க முடியாது.

கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணமும் ஆபத்து. செலினியம் ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு மில்லிகிராமுக்குள்ளேயே போதும். பத்துப் பதினைந்தைத் தொட்டால் நஞ்சு. கடைத் தீவனத்தில் தாது, வைட்டமின் கலவை ஏற்கெனவே இருக்கும், மூட்டை லேபிளைப் படியுங்கள்.

அப்புறம், எல்லாக் குளத்திலும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். ஒரு குளத்தைப் பொடி இல்லாமல் விட்டு, 15 நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு இரண்டிலும் எடை பாருங்கள். ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவானது என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.