யூத முதியோருக்குப் பண்டிகைக் கைவேலையா? இதில் மட்டும் சொதப்பிவிடாதீர்கள்

இஸ்ரேலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இலங்கையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள். பண்டிகை வந்தால் பத்துப் பாட்டிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஏதாவது வரையவைக்கும் வேலையும் சில நேரம் தலையில் விழும்.

முதலில் நாள் குறிப்பதிலேயே கோட்டை விடுவோம். யூதர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது, அதனால் காலண்டரில் போட்டிருக்கும் தேதிக்கு முந்தைய மாலையே பண்டிகை வந்துவிடும். சனிக்கிழமை ஓய்வுநாளிலும் பெரிய பண்டிகை நாட்களிலும் ஆசாரமானவர்கள் எழுதவோ வரையவோ வெட்டவோ மாட்டார்கள், பெயின்ட்டை நீட்டினால் தர்மசங்கடம்தான். ரெண்டு நாள் முன்னாடியே முடித்துவிடுங்கள். ஹனுக்கா என்ற விளக்குப் பண்டிகையில் வரையலாம், ஆனால் அந்த 8 நாளில் ஒரு சனிக்கிழமை கட்டாயம் வரும்.

அப்புறம் ஹனுக்கா விளக்கு. இணையத்தில் முதலில் கிடைக்கும் ஏழு கிளைப் படத்தை அச்செடுக்காதீர்கள், அது எருசலேம் ஆலயத்து விளக்கு. ஹனுக்காவுக்கு ஒன்பது: எட்டு நாளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்ற 'ஷமாஷ்' என்று தனியாக ஒன்று. மெழுகுவர்த்தியை வலமிருந்து வைத்துக்கொண்டே வந்து, புதிதாக வைத்ததை முதலில் ஏற்றுவார்கள். இதைப் பாட்டியிடமே கேளுங்கள், வரைவதை விட்டுவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

பெசாக் (பாஸ்கா) பண்டிகைச் சமயத்தில் மைதாப் பசை, பாஸ்தா ஒட்டும் வேலை எதுவும் வேண்டாம். புளித்த மா ஒரு துணுக்குகூட இருக்கக்கூடாது என்று வீட்டையே கவிழ்த்துத் துடைக்கிறவர்கள் அவர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, மஞ்சள் துணியில் ஆறுமுனை நட்சத்திரம் வெட்டிச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்வது. நாஜிகள் 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் ஆறு வயது தாண்டிய யூதர் எல்லாரும் அதை அணிய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அன்று ஏழு வயதில் அதைக் குத்திக்கொண்ட சிறுமி, இன்று தொண்ணூறு தாண்டி உங்கள் மேசையில் உட்கார்ந்திருக்கலாம். நட்சத்திரம் வேண்டுமென்றால் நீலத்தாளில் வெட்டினால் போதும், சட்டையில் குத்த வேண்டாம்.

இன்னொன்று, நர்சரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கரடிப் பொம்மைப் படத்தை இவர்களிடம் நீட்டாதீர்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அந்தக் காலத்தில் ஷாவுவோத் பண்டிகைக்குக் காகிதத்தை மடித்துப் பூ வெட்டி ஜன்னலில் ஒட்டுவார்கள், அதை எடுத்துச் செய்யலாம். மூட்டுவலிக் கைக்குக் கத்தரி வசப்படாது, சரி, வெட்டுவதை நீங்கள் செய்யுங்கள். எங்கே வெட்டுவது, எந்த ஜன்னலில் ஒட்டுவது என்பதை அவர்கள் சொல்லட்டும்.