கோமாவுக்குப் பின் கண் திறந்தும் பேசாதிருப்பவரின் புலன்களைத் தூண்டுவது எப்படி: வீட்டாருக்கு ஒரு செய்முறை

தலையில் பலத்த அடி. ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றியாயிற்று. கண் திறக்கிறார், பேச்சில்லை. கட்டிலைச் சுற்றி நின்று "என்னைத் தெரியுதா? கையைத் தூக்கு!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்துவோம். கூடவே டிவி. அடிபட்ட மூளைக்கு அது வெறும் இரைச்சல்.

புலன்களைத் தூண்டலாமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தாலோ வலிப்பு அடங்காவிட்டாலோ, இப்போதைக்கு வேண்டாம்.

அவர் கண் விழித்திருக்கும் வேளையாகப் பாருங்கள். டிவியை அணையுங்கள். பக்கத்தில் ஒருவர் போதும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே புலன்.

குரலில் தொடங்கலாம். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டார் பேசிப் பதிவுசெய்த பழைய நிகழ்ச்சிகளை ஹெட்போனில் ஆறு வாரம் கேட்க வைத்தார்கள், பலன் தெரிந்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் வெறும் 15 பேர். அதற்கு முன், 2002இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு (அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி அலசும் அறிக்கை), இந்தச் சிகிச்சைக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. இதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். "சீக்கிரம் எழுந்திரு" என்பதைவிட, "அன்னைக்கு மழையில பைக்கைத் தள்ளிக்கிட்டே வந்தோமே" என்று ஊர், பெயர் சொல்லி ஒரு சம்பவத்தைப் பேசுங்கள்.

அடுத்து கண். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். வேறு எந்தப் பொருளையும்விடத் தன் முகத்தையே கண்கள் பின்தொடர வாய்ப்பு அதிகம்.

தொடுதலுக்கு அவருடைய சீப்பையோ துண்டையோ கையில் வையுங்கள். டாக்டர் செய்கிறாரே என்று கிள்ளிப் பார்க்காதீர்கள். அது அவர் செய்யும் பரிசோதனை.

மணத்துக்குக் காபித்தூள், மல்லிகை. மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு ட்ரக்கியாஸ்டமி குழாய் போட்டிருந்தால் மூச்சு மூக்கு வழியாகப் போகாது, மணமும் சரியாக எட்டாது. வாயில் எதையும் வைக்க வேண்டாம், தேன் ஒரு சொட்டுகூட. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

இனி, பலரும் தவறவிடும் படி: காத்திருப்பது. ஒன்றைச் சொன்னதும் மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். பதில் தாமதமாகத்தான் வரும். அதற்குள் அடுத்ததைக் கேட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பல்லைக் கடித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒரு நோட்டில் நேரம், செய்தது, கண்டது மூன்றையும் எழுதுங்கள். விரல் ஒருமுறை அசைவது தற்செயலாக இருக்கலாம். நான்கு தடவை சொல்லி மூன்று தடவை அசைந்தால், நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.