பில் வராது, பணம் போகும்: இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தை பிறந்தால்

குழந்தை குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருக்கிறது என்று சொன்னால் ஊரிலிருந்து வரும் இரண்டாவது கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதாகத்தான் இருக்கும். தனியார் மருத்துவமனையில் நாள் கணக்கில் பணம் கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். இங்கே விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்தைக் கட்டியிருந்தால் (பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு) பிரசவத்துக்கும் நியோநேட்டல் (பிறந்த குழந்தைகளுக்கான) வார்டுக்கும் பில் கிடையாது. செலவெல்லாம் வார்டுக்கு வெளியேதான்.

27 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகும்போல இருந்தால் பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள், அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ யாருக்குத் தெரியும். தினமும் பெட்ரோல் அல்லது ரயில், பார்க்கிங், கேன்டீன் சாப்பாடு, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். குறைமாதக் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனமான பிளிஸ் 2014இல் கணக்கெடுத்தபோதே வாரத்துக்குச் சராசரியாக 282 பவுண்டு கூடுதல் செலவு என்று வந்தது. அதனால் முதல் நாளே நர்ஸிடம் கேளுங்கள்: பெற்றோர் தங்க அறை உண்டா, பார்க்கிங் பாஸ் உண்டா, சாப்பாட்டு வவுச்சர் உண்டா, பால் எடுக்கும் பம்ப் இரவல் தருவீர்களா. கூச்சமே வேண்டாம், கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் சொல்லமாட்டார்கள். குழந்தையோடு இரவு தங்கும் பெற்றோருக்கு இரவு 7.30 முதல் காலை 8 வரை பார்க்கிங் இலவசம். சில பெரிய மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் என்ற பெற்றோர் விடுதி இருக்கும், தங்கக் காசு வாங்கமாட்டார்கள்.

அப்புறம் சம்பளம். 2025 ஏப்ரல் 6 முதல் நியோநேட்டல் லீவு என்று ஒன்று வந்திருக்கிறது. பிறந்து 28 நாளுக்குள் அட்மிட் ஆகி, தொடர்ந்து ஏழு நாளாவது வார்டில் இருந்தால், அங்கே இருக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வாரம் என்று அதிகபட்சம் 12 வாரம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக. அம்மாவுக்கு இது மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு சேரும், அப்பா அந்த ஏழு நாள் முடிந்ததுமே எடுக்கலாம். லீவு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை, ஆனால் பணம் (2025-26இல் வாரத்துக்கு அதிகபட்சம் 187.18 பவுண்டு) வேண்டுமென்றால் பொதுவாகப் பிரசவத் தேதிக்கு 15 வாரம் முன்பே அந்த வேலையில் 26 வாரம் ஆகியிருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

இதைவிட முக்கியம் குழந்தையின் விசா. இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கியவராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்காது. உங்கள் சர்சார்ஜ் குழந்தையின் முதல் மூன்று மாதத்துக்குத்தான் கைகொடுக்கும், அதற்குள் டிபென்டென்ட் விசா (உங்களைச் சார்ந்தவர் என்ற விசா) வாங்கவில்லை என்றால் பிந்தைய சிகிச்சைக்குப் பில் வரலாம். மூன்று மாதம் என்பது பிறந்த நாளிலிருந்து. 25 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கெடு முடியும்போது டாக்டர் குறித்த பிரசவத் தேதியே வந்திருக்காது! எனவே 42 நாள் வரை இழுக்காமல் குழந்தை பிறந்த பகுதியின் பதிவு அலுவலகத்தில் சீக்கிரம் பதிந்து சர்டிஃபிகேட் வாங்குங்கள், உடனே பாஸ்போர்ட், அடுத்து விசா. குழந்தைக்கும் சர்சார்ஜ் உண்டு, ஆண்டுக்கு 776 பவுண்டு, விசா கட்டணம் தனி. பாஸ்போர்ட் போட்டோதான் பெரும்பாடு. மூக்கில் பால் ட்யூப், கன்னத்தில் பிளாஸ்திரி. நர்ஸிடம் சொல்லிவைத்தால் ட்யூப் மாற்றும்போது இரண்டு நிமிடம் கிடைக்கும், வெள்ளைத் துண்டை விரித்து எடுத்துவிடலாம்.

வார்டில் யாராவது நல்ல மனதோடு "சைல்ட் பெனிஃபிட் போடுங்கள், டிஎல்ஏ போடுங்கள்" என்பார்கள். முதலாவது பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை, அடுத்தது உடல்குறைபாட்டுக்கானது. உங்கள் விசாவில் அரசு உதவித்தொகை கூடாது என்று இருந்தால் தொடாதீர்கள், பின்னால் விசாவுக்கே வினையாகும். மகப்பேறு ஊதியமும் நியோநேட்டல் ஊதியமும் அந்தக் கணக்கில் வராது, தாராளமாக வாங்கலாம். மருந்து விஷயத்தில் அம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் வரை இலவசச் சான்று கிடைக்கும், குழந்தைக்கு எப்படியும் இலவசம். டாக்டர் எழுதித் தந்தால் ஸ்பெஷல் பால் பவுடரும் அதில் அடக்கம்.

உதவிக்கு ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ விசிட்டர் விசாவில் அழைக்கிறீர்களா, டிக்கெட்டோடு சேர்த்து நல்ல டிராவல் இன்ஷூரன்ஸும் போடுங்கள். அவருக்கு என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவை இலவசம் கிடையாது, வார்டில் படுக்க நேர்ந்தால் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு பில் வரும்.