பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல்: பர்மாங்கனேட் தரம்பார்த்தலைப் பதறாமல் செய்வது எப்படி?

பிராக்டிகல் என்றதும் பலருக்குக் கை நடுங்குவது பியூரெட்டை (அளவுக்கோடு போட்ட, அடியில் திறந்து மூடும் நீண்ட கண்ணாடிக் குழாய்) பார்த்துத்தான். ஆனால் பருமனறி பகுப்பாய்வில் (திறன் தெரிந்த கரைசல் எத்தனை மி.லி. செலவாகிறது என்று அளந்து தெரியாததைக் கண்டுபிடிப்பது, அப்படி அளப்பதுதான் தரம்பார்த்தல்) மூளையைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம், மார்க் போவதும் பெரும்பாலும் குழாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, கழுவுகிற இடத்திலேயே போய்விடும்.

மேசையில் மூன்று கரைசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறன், அதாவது செறிவு, தெரிந்த மோர் உப்பு (பெரஸ் அம்மோனியம் சல்பேட், 0.1 நார்மல்; நார்மல் என்பது செறிவின் அலகு), திறன் சரியாகத் தெரியாத பர்மாங்கனேட், எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய பெரஸ் சல்பேட். முதல் தரம்பார்த்தலில் மோர் உப்பை வைத்து பர்மாங்கனேட்டின் திறனைப் பிடிக்கிறோம், இரண்டாவதில் அந்த பர்மாங்கனேட்டை வைத்து பெரஸ் சல்பேட்டைப் பிடிக்கிறோம், அவ்வளவுதான் கதை.

முதலில் கழுவுங்கள். பியூரெட்டைத் தண்ணீரில் அலசி, அப்புறம் கொஞ்சம் பர்மாங்கனேட் ஊற்றி அலசிக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். பிப்பெட்டுக்கும் (குறிப்பிட்ட அளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) இதே கதிதான், மோர் உப்பால் அலச வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்! நான் முதல் தடவை அதையும் மோர் உப்பால் அலசிவிட்டு, எல்லோருக்கும் பர்மாங்கனேட் செலவு 20 மி.லி.யை ஒட்டி வரும்போது எனக்கு மட்டும் ஏன் 21-ஐத் தாண்டுகிறது என்று முழித்துக்கொண்டிருந்தேன். குடுவையில் ஒட்டியிருந்த மோர் உப்பும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அடுத்து பியூரெட்டை நிரப்புங்கள். குழாயைச் சட்டென்று திறந்து மூக்கில் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றுங்கள். புனலை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து சொட்டும் ஒரு துளி அளவீட்டைக் கெடுக்கும். பர்மாங்கனேட் அடர்ந்த நிறம் என்பதால் திரவ மட்டத்தின் கீழ்வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் படியுங்கள், கண்ணை நேர் மட்டத்தில் வைத்து.

சரி, இப்போது பிப்பெட்டில் 20 மி.லி. மோர் உப்பை எடுங்கள் (ரப்பர் பல்பு இருந்தால் வாயால் உறிஞ்சாதீர்கள்). குடுவையில் விட்டபின் நுனியைச் சுவரில் தொட்டு எடுத்தால் போதும். உள்ளே தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது, அதை விட்டுவிட்டுத்தான் பிப்பெட்டில் கோடே போட்டிருக்கிறார்கள்.

அதனுடன் ஏறக்குறைய 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம். ஏன் இந்த அமிலம்தான் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள் என்று நினைத்தே படியுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் பர்மாங்கனேட் அதிலுள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து தானே தீர்ந்துபோகும். நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி. அமிலமே குறைந்தால் மாங்கனீஸ் டை ஆக்சைடு உருவாகிக் கரைசல் பழுப்பாகிக் கலங்கும், அப்படி வந்தால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

குடுவையைச் சுழற்றிக்கொண்டே பர்மாங்கனேட்டை விடுங்கள். விழுந்த இடத்தில் நிறம் உடனுக்குடன் மறையும், மறைய நேரம் எடுக்க ஆரம்பித்ததும் சொட்டுச் சொட்டாக மாறிவிடுங்கள். அரை நிமிடம் சுழற்றியும் போகாத வெளிர் இளஞ்சிவப்புதான் முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி தேவையில்லை, பர்மாங்கனேட்டே அந்த வேலையைச் செய்கிறது. அடர் ஊதா வந்துவிட்டதா? தாண்டிவிட்டீர்கள். அடுத்தடுத்து இரண்டு அளவீடு ஒத்துப்போகும்வரை திரும்பச் செய்யுங்கள். பக்கத்து மேசையை எட்டிப் பார்ப்பது வீண், அவர்களுக்குக் கொடுத்த கரைசலே வேறாக இருக்கலாம்.

இரண்டாவது தரம்பார்த்தலுக்குப் போகும்முன் பிப்பெட்டைக் கழுவி, பெரஸ் சல்பேட்டால் அலச மறக்காதீர்கள். அவசரத்தில் மறப்பது இதைத்தான்.

கணக்கு சின்னது. கனஅளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கினால் இரண்டு பக்கமும் சமம். முதலாவதில் 19.8 மி.லி. செலவானால், பர்மாங்கனேட்டின் திறன் 20 × 0.1 ÷ 19.8 = 0.1010. இரண்டாவதில் 20.4 மி.லி. என்றால், பெரஸ் சல்பேட்டின் திறன் 20.4 × 0.1010 ÷ 20 = 0.1030. அதன் சமான நிறை 278, திறனை இதால் பெருக்கினால் லிட்டருக்கு 28.63 கிராம். கேள்வி 500 மி.லி.க்குக் கேட்டிருந்தால் அதில் பாதி. கேள்வியில் எத்தனை மி.லி. என்று பார்க்காமல் லிட்டருக்கே எழுதிவிட்டு வருபவர்கள் ஏராளம்.

பெரஸ் சல்பேட்டுக்குப் பதில் ஆக்சாலிக் அமிலம் கொடுத்தால் 60-70 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுச் செய்யுங்கள், சமான நிறை 63. முதல் சில சொட்டுகளின் நிறம் உடனே மறையாமல் நின்றால் முடிவுநிலை என்று ஏமாறாதீர்கள். வினையில் உருவாகும் மாங்கனீஸ் அயனிதான் வினையூக்கி, அது கொஞ்சம் சேர்ந்ததும் வேகம் தானாக வந்துவிடும்.

அப்புறம், விரலில் பழுப்புக் கறை பிடித்தால் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழத்தைத் தடவுங்கள்.