சின்னக் குழந்தைகளோடு மாடித்தோட்டம்: வெந்தயத்தில் தொடங்குங்கள்

நான்கைந்து வயதுக் குழந்தைக்கு முதல் செடியாகத் தக்காளியைக் கொடுக்காதீர்கள். பழத்தைப் பார்க்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும். அந்த வயதுக்கு அது ரொம்ப நீளம். என் தேர்வு வெந்தயம். அஞ்சறைப்பெட்டியில் இருப்பதே போதும். மூன்று நான்கு நாளில் முளை தலைகாட்டும், மூன்று நான்கு வாரத்தில் கீரையாகப் பறித்துவிடலாம். மார்கழி, தை மாதக் குளிர் இதற்கு நன்றாக ஒத்துவரும். சித்திரை வெயிலில் நிழல் வலைக்கு அடியில் வையுங்கள்.

மண். அடியில் துளையுள்ள, அரை அடி ஆழத் தொட்டி போதும். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். அதில் உப்பு இருக்கும். கலக்கும் வேலையை முழுக்கக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். தரையெல்லாம் மண்ணாகும், ஆகட்டும்.

விதைப்பு. வெந்தயத்தை முந்தின இரவே ஊறவைக்கவும். விரலால் குழி போடச் சொன்னால் பிள்ளைகள் ஆழமாகப் புதைத்துவிடுவார்கள், முளை மேலே வராது. அதனால் குழியே வேண்டாம். மேலே தூவச் சொல்லி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர். பெரும்பாலான தொட்டிகள் வீணாவது இங்கேதான். குழந்தைக்குச் செடிமேல் வரும் அன்பெல்லாம் தண்ணீராகத்தான் வரும், பார்க்கும்போதெல்லாம் ஊற்றும். மண் சதா ஈரமாக இருந்தால் தண்டு அடியில் கறுத்து, நாற்று அப்படியே சாயும். நாற்றழுகல் என்பது இதுதான். “ஊற்றாதே” என்று அதட்டினால் குழந்தைக்குத் தோட்டமே பிடிக்காமல் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு சோதனையைக் கற்றுக்கொடுங்கள்: ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை மண்ணில் விடு. விரலில் ஈரமண் ஒட்டினால் செடிக்குத் தாகம் இல்லை, ஒட்டாவிட்டால் ஊற்று. தீர்ப்பைக் குழந்தையே சொல்லட்டும், நாம் குறுக்கிட வேண்டாம். விதைத்த முதல் சில நாள் மட்டும் விரல் விட வேண்டாம், முளை கலைந்துவிடும். மேல்மண் காயாமல் நாமே தெளித்தால் போதும்.

எதில் ஊற்றுவது என்பதும் முக்கியம். குவளையில் ஊற்றினால் மண் பறிந்து விதை ஒரு மூலையில் ஒதுங்கும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் நாம் சூடான ஊசியால் துளைகள் போட்டுக் கொடுத்தால் போதும். அன்றைய பங்கு அந்த ஒரு பாட்டில்தான். கடையில் விற்கும் பொம்மைத் தோட்டக்கருவிப் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்; ஈரமண்ணில் அந்தப் பிளாஸ்டிக் வளைந்துவிடும். வீட்டில் இருக்கும் பழைய எவர்சில்வர் கரண்டி அதைவிட எவ்வளவோ மேல்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

பின்சேர்க்கை: சிலர் கேட்டதால் இரண்டு விஷயங்கள். அரைக்கீரை, தண்டுக்கீரை விதைகளை எறும்பு தூக்கிப் போகிறது என்றார்கள். தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிமாவோ ரவையோ தூவுங்கள், எறும்பு அதன் பின்னால் போய்விடும். விதையோடு மணலும் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது.

அடுத்தது, பாக்கெட் விதை. ரோஸ், நீலம் என்று சாயம் பூசியதுபோல் இருந்தால் பூஞ்சாணக்கொல்லி மருந்து கலந்த விதை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குழந்தை தொடவே கூடாது. மருந்து கலக்காத நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள்.

வெந்தயம் பறித்து முடித்த பிறகு, ஆடிப்பட்டத்தில் வெண்டைக்குப் போகலாம். பூ விட்ட ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும் என்பதால் குழந்தை தினமும் ஓடிப்போய்ப் பார்க்கும். வெண்டையின் சுணை தோலில் பட்டால் அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள், காம்பை நீங்களே கத்தரியுங்கள்.